ஃபைனான்ஸ்ல இருந்து பேசுறேன்

பூனா பக்கத்துக் கட்கியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில், தொண்ணூறுகளில், ஃபைனான்ஸ் என்றால் இரண்டு ஆட்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பான். பின்னால் இருப்பவன் இறங்கி, எந்த வாசலிலும் நிற்காமல், வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லா வீடுகளையும் பொதுவாகப் பார்ப்பான். கதவைத் தட்ட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். யாரைத் தேடி வந்தானோ அந்த வீட்டில் டிவி சத்தம் நின்றுவிடும். மற்ற வீட்டுக்காரர்கள் அதை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்துகொள்வார்கள். "ஃபைனான்ஸ் வந்துகீறான்" என்று அம்மா உள்ளே வந்து மெதுவாகச் சொல்லிவிட்டு, நாங்கள் ஒரு பைசா வாங்காதபோதும், எங்கள் வீட்டு டிவியையும் குறைத்து வைப்பாள்.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். கடனில் அவருக்கு மேல்சாதி கீழ்சாதி உண்டு. பேங்க் லோன் என்று சொல்லும்போது தலை நிமிரும். சொசைட்டி லோன் என்பது ஃபேக்டரிக்காரர்களுக்குள் நடப்பது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபைனான்ஸ் என்னும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "வண்டி ஃபைனான்ஸ்ல ஓடுது" என்று ஒரு டெம்போக்காரரைப் பற்றிச் சொன்னால், அந்த ஆளுக்கு ஏதோ நோய் வந்திருப்பதுபோல் கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் கல்யாணப் பேச்சில் அதே சொல் வேறு வேஷத்தில் வரும். மாப்பிள்ளை ஃபைனான்ஸ் பண்றார் என்பார்கள். கொடுப்பவனுக்கும் அதே பெயர், வாங்கியவனைத் தேடி வருபவனுக்கும் அதே பெயர். வாங்கியவனுக்கு மட்டும் அந்தச் சொல்லில் இடமில்லை. வானொலியில் நிதி, நிதியமைச்சர் என்று வாசிப்பார்கள். அந்த நிதியும் எங்கள் வரிசையில் வந்து நின்ற ஃபைனான்ஸும் ஒன்றுதான் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது.

அந்தச் சொல்லுக்கு வேர் எங்கே என்று சொன்னவர், பூனாவிலேயே மகர்பட்டாவில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் போயிருந்தன. நான் பி.காம். முடித்து ஒரு கால் சென்டரில் சேர்ந்திருந்தேன். தமிழ்நாட்டில் வண்டிக் கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டாதவர்களுக்குத் தமிழில் போன் செய்வது வேலை. பயிற்சியின் முதல் நாள் அவர் போர்டில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதினார். பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் லத்தீன், அடிப்படைப் பொருள் 'முடிவு' என்றார். பழைய காலத்தில் ஒரு பாக்கியைக் கொடுத்துத் தீர்த்துக் கணக்கை முடிப்பதற்குத்தான் அந்தச் சொல்லாம். "முடிச்சிருவோம் சார்" என்றான் பின்வரிசையில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு வேடிக்கை. அப்போது தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். தமிழ் அம்மாவோடு பேச மட்டும். அதுவும் அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த தமிழ், அப்படியே டப்பாவில் போட்டு மூடி வைத்தது. இன்னா, கீது, ஊடு என்று நான் பேசினால் உடன் வேலை செய்த மதுரைக்காரிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் புரையேறிச் சிரிப்பார்கள். நான் இடையில் பாஜி, கச்ரா, ஜல்தி என்று மராத்தியும் இந்தியும் சேர்த்துக்கொள்வேன், அது தனிக் கூத்து.

ஆனால் போனில் வேலூர், ஆரணி, திருப்பத்தூர் என்று வந்தால் கதை வேறு. மற்றவர்கள் "வணக்கம் சார்" என்று தொடங்கினாலே லைனை வெட்டுகிறவர்கள், நான் "இன்னாண்ணா, பேசலாமா?" என்றதும் நின்றார்கள். நம்ம பக்கத்துப் பெண் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பணம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொன்னார்கள். எப்போது வரும் என்றும் சொன்னார்கள். எங்கள் டீம் லீடர் ஒரு மராத்திப் பெண், தமிழில் ஒரு சொல் தெரியாது, எண்களை மட்டும் பார்ப்பாள். ஒரு மாத முடிவில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "து போல்தீ க்யா ஹை உன்கோ?" என்றாள். அவர்களிடம் அப்படி என்னதான் பேசுகிறாய் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அடுத்த வாரம் வேலூர்ப் பக்கத்துக் கணக்குகள் முழுவதையும் என் திரைக்கு மாற்றிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் பேச்சுக்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

விதிகள் இருந்தன. சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, ஆபீஸ் கொடுத்த போன் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஊரைச் சொல்லக்கூடாது. உறவு கொண்டாடக்கூடாது. நான் மூன்றாவதை முதல் நாளே மீறினேன், யாரும் கேட்கவில்லை. இரண்டாவதை ஒரே ஒரு தடவை மீறினேன்.

அது ஒரு சின்ன லோடு வண்டிக் கணக்கு. கடன் கணவன் பெயரில், போனை எடுப்பவள் மனைவி. நான்கு தவணை நிலுவை. அந்த ஊர்க் கிளையின் ஆட்கள் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் வண்டி அங்கே இல்லை. என் வேலை அவளிடம் பணம் வாங்குவதல்ல. அந்தக் கட்டத்தைத் தாண்டியாயிற்று. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது மட்டும்தான். தெரிந்தால் எடுத்துவிடுவார்கள். அவளுக்கு அந்த வண்டியைத் தவிர வருமானமே கிடையாது என்பது எனக்கு முதல் போனிலேயே தெரியும். கணவன் இடுப்பு அடிபட்டுப் படுத்திருந்தான். வண்டி எங்கே என்று கேட்டால் மட்டும், "லோடுக்குப் போய்கீது" என்பாள். எப்போது கேட்டாலும் வண்டி லோடுக்குத்தான் போயிருக்கும்.

மூன்றாவது போனில் அவள் என்னைக் கேட்டாள்.

"ஏம்மா, உன் பேச்சு நம்ம பக்கம் மாதிரி கீது. நீ எந்த ஊரு?"

கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரும் இந்தக் கேள்விக்குக் கட்கி என்று பதில் சொல்வதில்லை. அப்பாவோ அம்மாவோ விட்டுவிட்டு வந்த ஏதோ ஒரு ஊரின் பெயரைத்தான் சொல்வோம். அந்த ஊருக்குள் தனியாக விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியாது, ஆனாலும் அதுதான் எங்கள் ஊர். அப்படித்தான் பழக்கிவைத்திருந்தார்கள். வாழ்நாளில் மூன்று தடவை மட்டும் பார்த்த என் அம்மாவின் ஊரை, என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"ஐய, அங்கியா? அங்க யாரு ஊடு?"

"போஸ்ட் ஆபீசுக்கு எதுர்லக்கா. ரைஸ் மில்லுல கணக்கு பாக்குறாரே, அவரு எங்க மாமா. அம்மாவோட அண்ணன்."

"அவுரா? அவுரு எவ்ளோ நல்ல மனுசன். எங்க அக்காவ அவுங்க பின்தெருவுலதாம்மா குடுத்துகீது."

அதன் பிறகு அவள் குரலே மாறிவிட்டது. கணவனின் இடுப்பைப் பற்றி, ஆஸ்பத்திரியில் கேட்ட பணத்தைப் பற்றி, பிள்ளைக்குப் பள்ளியில் கட்டவேண்டியதைப் பற்றிச் சொன்னாள். கொஞ்சம் அழுதாள். நான் நடிக்கவில்லை. அழாதீங்கக்கா என்று நிஜமாகத்தான் சொன்னேன். வண்டியை மாமா ஊரில், தன் அக்கா வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். அக்காவின் கணவர்தான் விடியும் முன் எடுத்துப் போய் மார்க்கெட்டுக்குக் காய் லோடு அடிக்கிறார். இன்னும் இரண்டு மாதம் ஓட்டினால் எல்லாப் பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிடலாம், பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றாள்.

"உங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா, நீ நம்ம பொண்ணு. இந்த ஃபைனான்ஸ்காரனுங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்."

சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன். திரையில் கீழே குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அது நிரம்பினால்தான் அடுத்த நம்பர் வரும். டீம் லீடர் இரண்டு நாற்காலி தள்ளி நின்றாள். அப்பாவுக்கு அடுத்த ஏப்ரலில் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், விஷ்ராந்த்வாடி பக்கம் பார்த்து வைத்திருந்த ஒண்ணரை ரூம் ஃபிளாட்டுக்கு லோன் போட என் சம்பளச் சீட்டு வேண்டும். இதையெல்லாம் அந்த நிமிஷம் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். பிறகு காரணம் தேடியபோது கிடைத்தவை இவை. அந்த நிமிஷம் நினைத்தது ஒன்றுதான்: மூன்று தடவை ஆட்கள் போய்க் கண்டுபிடிக்க முடியாததை நான் உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஊர்ப் பெயர், தெரு, தார்ப்பாய், வண்டி வெளியே போகும் நேரம் எல்லாவற்றையும் அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை.

மறுநாள் மதியம் அந்தக் கணக்கில் நிறம் மாறியிருந்தது. வண்டி எடுத்தாயிற்று. டீம் லீடர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தாள். என் கணினியின் மேல் ஒரு தங்க நிறக் காகித நட்சத்திரத்தை ஒட்டினாள். சமோசா வந்தது. நான் இரண்டு தின்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் போன் வந்தது. எனக்கு வயது வந்தபோது இரண்டு ரயில் மாறி, பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் எடுத்துக்கொண்டு, மல்லிகைப் பூ வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு கட்கிக்கு வந்தவர் அவர். அம்மா சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தாள். பிறகு பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை எத்தனை தடவை மடித்தேன் என்று தெரியாது.

போனில் என்னிடம் அழுத அந்த அக்கா நேராக மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். உன் தங்கச்சி மகளிடம் சொன்னேன், மறுநாளே தூக்கிவிட்டார்கள் என்று வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெருவே கூடியிருக்கிறது.

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீயா சொன்ன?"

"அது என் வேலைமா. லோன் கட்டலன்னா வண்டி எடுப்பாங்க. நான் சொல்லலன்னாலும் எடுப்பாங்க."

"அது உன்ன ஃபைனான்ஸ்னு நெனச்சா சொல்லுச்சு? எங்க அண்ணன் மருமவளா நெனச்சு சொல்லிகீது."

"அவங்க கட்டவேண்டியதுதானே கேட்டோம்?"

"எங்க ஊர் பேர ஏன் சொன்ன? நான் பேசுற பேச்ச ஏன் அங்க போய்ப் பேசின?"

எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவளுக்கு வருமே, அந்தக் கோபம். வேறு எந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தாய் என்று கத்தினேன். அம்மா வேலையை விட்டுவிடு என்றாள். அப்பா ஃபிளாட்டின் படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அம்மாவும் அந்த அட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே மாமாவுக்குப் போன் போட்டாள். "அவ அந்த வேலைய உட்டுட்டாண்ணா. இனிமே அங்க போவ மாட்டா" என்றாள். அண்ணனிடம் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை வழக்கம்போல டப்பா கட்டி என் கையில் கொடுத்தாள்.

வேலூர்ப் பக்கம் வேண்டாம் என்று டீம் லீடரிடம் கெஞ்சினேன். அவள் முகத்தைச் சுளித்துவிட்டு, என்னை மேல்மாடிக்கு மாற்றினாள். அங்கே வேறு வேலை. எடுத்த வண்டியை ஏலம் போட்ட பிறகும் கடன் முழுவதும் அடையாமல் பாக்கி நின்றால், அந்த மிச்சத்தைக் கேட்பது. வண்டியே போன பிறகு பாக்கி எப்படி இருக்கும் என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதற்கு ஒரே பதிலைத்தான் நாங்கள் சொல்வோம். பேச்சு கோர்ட்டுக்குப் போகலாம் என்பதால் அங்கே அண்ணா, அக்கா கிடையாது. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி பேச வேண்டும். 'தாங்கள் செலுத்த வேண்டிய தொகை' என்று பழகினேன். கீது, ஊடு எல்லாம் ஒரு மாதத்தில் வாயை விட்டுப் போய்விட்டன. இங்கே யாரிடமும் பிடுங்க ஒன்றும் மிச்சமில்லை, ஆகவே இது சுத்தமான வேலை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அப்பா ரிட்டயர் ஆனார். ஃபிளாட்டுக்குப் போனோம். மாமா புதுவீட்டுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அம்மா அவரோடு போனில் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள், நான் ஆபீசுக்குப் போகும் சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் அந்த லோடு வண்டிக் கணக்கு என் திரையில் வந்தது. கடன் வாங்கியவர் என்ற இடத்தில், போனில் அழுத அந்த அக்காவின் கணவர் பெயர். ஜாமீன்தாரர் என்ற இடம் முன்பு காலியாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அங்கே என் மாமாவின் பெயர் இருந்தது. போஸ்ட் ஆபீஸ் எதிரில் என்று முகவரியும் இருந்தது.

மிச்சத்தைப் பழைய குறிப்புகள் சொல்லிவிட்டன. வண்டி போன அடுத்த வாரமே மாமா அவளைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போயிருக்கிறார். இரண்டு தவணையைத் தன் கையிலிருந்து கட்டி, மீதிக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டு வண்டியை மீட்டுக் கொடுத்திருக்கிறார். ஏழெட்டு மாதம் ஓடியிருக்கிறது. பிறகு கணவனுக்கு இடுப்பில் ஆபரேஷன், தவணை மறுபடியும் நின்றிருக்கிறது. இந்தத் தடவை வண்டி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது, எடுத்துப் போய்விட்டார்கள். ஏலத்தில் பாதி விலைக்குப் போயிருக்கிறது. மாமா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உறவினர் கணக்கு என்று கையைத் தூக்கியிருக்கலாம், வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரன் மூன்றாவது போனில் எழுதிக் கொடுத்ததை விட்டு எப்படி மிரட்டுவான் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான், அதனால் தூக்கவில்லை. அந்த அக்காவின் நம்பர் அணைந்திருந்தது. அப்படியானால் அடுத்தது ஜாமீன்தாரர். அந்த நம்பரை அழுத்தினேன். மணி நான்கு தடவை அடித்தது.

"அலோ."

"வணக்கம் சார். ஃபைனான்ஸ்ல இருந்து பேசுறேன்."

போன் பெயரைச் சொன்னேன். தொகையைச் சொன்னேன். எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு சொல் என் வாயில் வரவில்லை. மறுமுனையில் ரைஸ் மில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார் போல, சத்தம் குறைந்தது.

"சொல்லுங்க மேடம். தெரியும் மேடம். நான்தான் கையெழுத்து போட்டேன், நான்தான் கட்டணும். மாசாமாசம் கொஞ்சமா வாங்கிக்கங்க. ஓடிப்போற ஆள் இல்ல நானு."

"எப்போது செலுத்துவீர்கள் சார்?"

"அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு மேடம். ஊட்டுக்கு ஆள் அனுப்பாதீங்க, இந்த நம்பர்லயே கேளுங்க. பூனால என் தங்கச்சி கீது, அதுக்குத் தெரியக் கூடாது. அது பொண்ணு முன்ன உங்கள மாதிரி ஆபீஸ்லதான் இருந்துச்சு. இந்த வண்டியால மனசு ஒடஞ்சு, பாவம், வேலையவே உட்டுடுச்சு. இன்னும் இது முடியலன்னு தெரிஞ்சா அந்தக் கொழந்த தாங்காது."

"சரிங்க சார்" என்றேன்.